கல்வாசலில் அரை எட்டு மணி

ரொம்சோஸ், ஒஸ்லோ
இரண்டாயிரத்து இருபத்துநான்காம் ஆண்டு, மே மாதம் பதினாறாம் திகதி

எமிலியாவுக்கு,

‘அன்புள்ள தங்கைக்கு’ என்று வேறொரு தாளில் தொடங்கினேன். மேற்கொண்டு எழுத வரவில்லை. அதை மடித்து வைத்துவிட்டு, பெயரோடு மட்டும் இதைத் தொடங்குகிறேன்.

தொலைபேசியில் கதைத்தால் ஐந்து நிமிட வேலை என்கிறாள் லீசா. தொலைபேசியில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லலாம், எழுதியதைச் சொல்ல முடியாது என்பதை என் மகள் நாற்பத்தாறு வயதிலும் அறிந்துகொள்ளவில்லை.

பதினொரு வருடங்களாக நாம் கதைக்கவில்லை. லூர்து யாத்திரைக் குழு துலூஸில் இறங்கி, வழியில் ஒரு மலையடிவார ஊரில் ஓரிரவு தங்கும் என்று தெரிந்ததும் லீசாதான் இடையில் நின்று எல்லாம் பேசினாள். மே ஒன்பதாம் திகதி காலை, மலைமேல் இருக்கும் மொன்வெர்தான் என்ற பழைய ஊரின் கல்வாசலில், அரை எட்டு மணிக்கு. நீ உன் மகன் மார்க்கின் காரில் வருவாய். நான் படிகளால் ஏறி வருவேன். பேருந்து ஒன்பதுக்குப் புறப்படும். இதில் விளங்காதது எது?

எழுபத்தேழு வயதில், இரண்டு முழங்காலிலும் கத்தி வைத்த பிறகு, அந்தப் படிகளை ஏறினேன். ஏறி முடிப்பதற்குள் செபமாலையில் முப்பது மணிகள் உருண்டுவிட்டன. ஏழு பத்துக்கு வாசலில் நின்றேன். பிந்தி வருகிறவர்களுக்குத்தான் நேரம் போதாது, எனக்கு எப்போதும் போதும்.

அரை எட்டு ஆயிற்று. எட்டுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒருவேளை வேறு வாசல் இருக்குமோ, அங்கே நீ என்னைப்போலவே நிற்கிறாயோ என்று எண்ணி ஊருக்குள் நடந்தேன். அறுநூறு எழுநூறு வருடத்து ஊராம். நம்பலாம், தெருக்களைத் திருத்தியதாகத் தெரியவில்லை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறித்தான் வழிவிட வேண்டும். தெருவின் நடுவால் தண்ணீர் ஓடுகிறது, ஓரத்தால் ஓடினால் என்ன? மேல்மாடிகள் ஒன்றோடொன்று முட்டுவதுபோல் சாய்ந்து நிற்கின்றன. சுவர்களில் குதிரை கட்டும் இரும்பு வளையங்கள். பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரு மனிதர் என் வலது சப்பாத்தையும் சேர்த்து நனைத்துவிட்டுப் ‘பர்தோன்’ என்றார். அன்றைக்கு ஆண்டவர் விண்ணேறிய திருநாள். அந்த நாளில் அந்த ஊர்க் கோயில் பூட்டிக் கிடந்தது. கதவின் மேல் சிலையாக நின்ற அர்ச்சிஷ்டவருக்கு மூக்கு இல்லை, மூக்கு இருந்த இடத்தில் குருவி கூடு கட்டியிருந்தது.

ஊர் அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டேன். வேறு கல்வாசலும் இல்லை. மதிலால் எட்டிப் பார்த்தபோது கீழே எல்லாம் வெண்பனி மூடிக் கடல் போலக் கிடந்தது, நாங்கள் தங்கிய ஊரின் கோபுரம் மட்டும் மேலே தெரிந்தது. அழகுதான். தனியே நின்று அழகு பார்க்க நான் வரவில்லை.

திரும்பி வந்து வாசலில் நின்றேன். வாசலருகே பாண் சுட்டு விற்கும் கடைக்காரி ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். நான் இருக்கவில்லை. நீ வரும்போது நான் வசதியாக அமர்ந்திருப்பதாக நினைக்கக்கூடாது. உனக்குப் பிடிக்கும் என்று கொண்டுவந்த நோர்வே மண்ணிறச் சீஸ் கைப்பைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது. எட்டேகாலுக்கு இறங்கினேன். பேருந்தில் தலை எண்ணிய பிரசாந்தன் தம்பி, ‘தங்கச்சி எப்பிடி இருக்கிறா அன்ரி?’ என்று கேட்டார். ‘சுகமாக இருக்கிறாள்’ என்று பொய் சொன்னேன், அதுவும் லூர்துக்குப் போகும் வழியில். சீஸை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

நான் உன்னை மன்னிக்க வந்தேன், எமிலியா. அதற்கும் நீ வரவில்லை.

கரோலினா பிலேந்திரன்


துலூஸ்
27.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பெயரோடு கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், வங்கிக்கு எழுதுவதுபோல. நான் அப்படி எழுத மாட்டேன். கோபம் எனக்கும் இருக்கிறது, ஆனால் அக்கா அக்காதான்.

நான் வரவில்லை என்று யார் சொன்னது? வந்தனான். எட்டரைக்குச் சந்திப்பு, நான் 8.20க்கு வாசலில் நின்றேன். நானும் நேரத்தோடு போகிற ஆள்தான், நீங்கள்தான் நம்ப மாட்டீர்கள். மார்க் காரை மேலே விடமுடியாமல் பின்பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினான். உங்கள் முழங்காலை நினைத்து மடக்குக் கதிரை ஒன்று வாங்கி, அதை நானே தூக்கிக்கொண்டு அந்தக் கல்லுத் தெருவால் வந்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. பாண் கடைக்காரியிடம் கேட்டேன். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு அம்மா ஒரு மணித்தியாலம் நிமிர்ந்து நின்றுவிட்டு, இப்போதுதான் படியால் இறங்கினார், கதிரை கொடுத்தும் இருக்கவில்லை என்றாள். ‘அவவுக்கு யாரிலை கோபம்?’ என்று கேட்டாள். என்னில் என்று சொன்னேன்.

நான் படியால் ஓடினேன் அக்கா. 69 வயதில் ஓடினால் எவ்வளவு தூரம் போகலாம்? பாதியில் மார்க் பிடித்து இருத்திவிட்டான். உங்களுக்கென்று கொண்டுபோன கதிரையில் நானே இருந்தேன். மூச்சு அடங்கும்வரை என்னைத் தனியே விட்டுக் கீழே ஓட அவன் மறுத்துவிட்டான். வெண்பனி விலகியபோது கீழே உங்கள் பேருந்து வளைவில் திரும்புவதைப் பார்த்தேன். அதுதான் பேருந்து என்று எனக்குத் தெரியும், மாதாவின் படம் ஒட்டியிருந்தது.

நீங்களே சொன்ன நேரம் வருவதற்கு முன்னமே இறங்கிவிட்டு, என்னைப் பிந்தினவள் என்கிறீர்கள். இன்னும் பத்து நிமிஷம் நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒருவேளை நான் வருகிறேனா என்று பார்க்கத்தான் வந்தீர்களோ? ‘வரவில்லை’ என்று எழுத உங்களுக்கு விருப்பம் இருந்ததோ?

இதை எழுதியதற்கு மன்னியுங்கள். ஆனால் கிழிக்க மாட்டேன்.

உங்கள் தங்கை,
எமிலியா


ரொம்சோஸ், ஒஸ்லோ
ஜூன் மாதம் ஐந்தாம் திகதி

எமிலியாவுக்கு,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பு மையில் உள்ளவை என் திருத்தங்கள். இலக்கம் வந்த இடமெல்லாம் வட்டமிட்டிருக்கிறேன். கடிதத்தில் இலக்கம் எழுதுவது சோம்பேறித்தனம் என்று கொன்வென்றில் சிஸ்டர் பெர்ணதெத் உனக்கும்தான் படிப்பித்தார். உனக்கு அவர் நினைவில் இல்லாவிட்டால் பரவாயில்லை, எனக்கு இருக்கிறார்.

உன் கேள்விக்கு வருகிறேன். எட்டரை என்று யார் சொன்னார்கள்? லீசாவை அழைத்து முன்னால் நிறுத்திக் கேட்டேன். ‘அம்மா, நான் அரை எட்டு எண்டு வடிவாச் சொன்னனான். சின்னம்மா ஓம் எண்டு சொல்லி எழுதியும் எடுத்தவ’ என்றாள். அவள் பொய் சொல்பவள் அல்ல. நோர்வேச் சொல் இல்லாமல் ஒரு வசனம் முடிக்கத் தெரியாதவள், அது வேறு. தமிழைத் தமிழாகக் கதை என்று நான் அவளுக்குச் சொல்லாத நாள் இல்லை. அன்றைக்கு அவளே தமிழில் சொல்லியிருக்கிறாள், நீதான் பிழையாக விளங்கியிருக்கிறாய்.

அரை எட்டு என்றால் எட்டாவது மணித்தியாலத்தின் பாதி. ஏழு முடிந்து, எட்டை நோக்கிப் பாதி வழி. இது குழந்தைக்கும் விளங்கும். அதை நீ எப்படி ஒரு மணித்தியாலம் தள்ளிப் போட்டாய்? உன் வசதிக்கா?

இது முதல் தடவை அல்ல என்பதால் கேட்கிறேன். இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு பெப்ரவரியிலும் இப்படித்தான் செய்தாய். உன் அத்தானின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எல்லாரும் நேரத்தோடு வந்தார்கள். வெஸ்ட்லியில் இருந்து, ஹவுகெட்டோவில் இருந்து, பனிக்குள்ளால் கிழவர்கள் எல்லாம் வந்தார்கள். பெட்டியை மூடிப் பூசை தொடங்கிய பிறகு, வாசகம் வாசிக்கும்போது, பக்கக் கதவைத் திறந்துகொண்டு சப்பாத்துச் சத்தத்தோடு நீ வந்தாய். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு நான் சொன்ன சொல்லை இன்றைக்கும் மாற்றவில்லை. ‘உனக்கு வசதியான நேரம் வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை.’

இனி எழுத வேண்டுமானால் பிழையில்லாமல் எழுது.

கரோலினா


துலூஸ்
17.06.2024

அக்கா,

இலக்கத்தில்தான் திகதி போட்டிருக்கிறேன். வட்டம் போடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு மார்க்குக்கு வாசித்துக் காட்டினேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ‘அம்மா, அந்த இடத்தைத் திரும்ப வாசியுங்கோ’ என்றான். அரை எட்டு என்றால் எட்டை நோக்கிப் பாதி வழி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்.

அவனோடு வேலை செய்கிற ஒரு ஜெர்மன்காரன் இருக்கிறானாம். கூட்டம் அரை ஒன்பதுக்கு என்று அவன் சொல்ல, பிரெஞ்சுக்காரர் எல்லாரும் ஒன்பதரைக்குப் போய் ஒருநாள் பெரிய சண்டையாம். அவர்களுடைய அரை ஒன்பது எங்களுடைய எட்டரை. ‘நோர்வேக்காரரும் அப்பிடித்தானம்மா சொல்லுறவை. பெரியம்மா நோர்வேயைத் தமிழிலை சொல்லுறா. அது அவவுக்கே தெரியாது’ என்றான்.

அக்கா, எங்களுடைய ஊரில் யாராவது அரை எட்டு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்களைப் பெற்ற ஐயா ஏழரை என்பார், எட்டரை என்பார். சிஸ்டர் பெர்ணதெத்தும் அப்படித்தான் சொன்னார். லீசா பிள்ளை அரை எட்டு என்றபோது, பாவம், வெளிநாட்டில் வளர்ந்தது, எட்டரையைத்தான் மாற்றிச் சொல்லுகிறது என்று நினைத்து ஓம் என்றேன். அது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

இனி எழுதப்போவதில் சிரிப்பு இல்லை. மார்க் சொன்ன பிறகு, எனக்கு இன்னொரு அரை ஞாபகம் வந்தது. அலுமாரியில் என்னுடைய பைபிளுக்குள் பதினொரு வருஷமாக ஒரு கடதாசி இருக்கிறது. அத்தானுடைய மரண அறிவித்தல். நீங்கள் அச்சடித்துத் தபாலில் அனுப்பினது. அதை இத்துடன் வைக்கிறேன். எட்டாவது வரியைப் பாருங்கள்.

‘அன்னாரின் இறுதி மரியாதை காலை அரை பத்து மணிக்கும், இரங்கல் திருப்பலி அதனைத் தொடர்ந்தும் நடைபெறும்.’

நான் முதல்நாள் இரவு பனியில் பிந்தி வந்த விமானத்தில் இறங்கி வெஸ்ட்லியில் கூட்டாளி வீட்டில் படுத்தேன். காலையில் எழும்பி, உடுத்து, பத்தரைக்கு என்று நினைத்து, பத்து மணி பத்து நிமிஷத்துக்கே கோயில் வாசலில் நின்றேன். இருபது நிமிஷம் முந்தி வந்துவிட்டேன், அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். உள்ளே பெட்டி மூடிக் கிடந்தது.

இத்தனை வருஷமும் நான் நினைத்தது இதுதான்: அக்கா நேரத்தை முன்னுக்கு மாற்றிவிட்டு எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு ரோசம் விடவில்லை. கொழும்பில் மூன்று நாள் வரிசையில் நின்று எனக்குப் பாஸ்போட் எடுத்துத் தந்த மனுஷன் அவர். விமான நிலையத்தில் ‘திரும்பிப் பாராமல் போ பிள்ளை, பார்த்தால் நீ போகமாட்டாய்’ என்றவர். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. கடைசியிலும் பார்க்கவில்லை. படம் எடுக்கவும் நீங்கள் விடவில்லை, கமரா கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். ஒருவரிடமும் அந்த முகம் இல்லை.

எமிலியா


ரொம்சோஸ்
ஜூன் இருபத்துநான்கு

உன் கடிதமும் அறிவித்தலும் கிடைத்தன. நான் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

க.


மொன்வெர்தான், கல்வாசலின் படமுள்ள தபாலட்டை
05.07.2024

அக்கா, 11 நாளாகத் தபால்பெட்டியைப் பார்க்கிறேன். உங்கள் ஊரில் தபால்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவாராம் என்று மார்க் ஆறுதல் சொல்கிறான். இன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு திரும்ப இங்கே வந்தேன். மூக்கில்லாத அர்ச்சிஷ்டவரைப் பார்த்தேன். குருவிக் குஞ்சுகள் பறந்துவிட்டன. நான் அந்த வரியை எடுத்துக் காட்டியிருக்கக்கூடாதோ என்று யோசிக்கிறேன். அன்றைக்கே உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்காதது என் பிழை. எ.


ரொம்சோஸ், ஒஸ்லோ
ஜூலை மாதம் பதினைந்தாம் திகதி

அன்புள்ள தங்கைக்கு,

மே மாதத்தில் மடித்து வைத்த அந்தத் தாளில்தான் எழுதுகிறேன். முதல் வரி ஏற்கெனவே இருந்தது.

விசாரித்தேன். நான் விசாரிக்காமல் ஒன்றையும் ஒத்துக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து கோப்பிக்கு நிற்பவர்களிடம், அரை எட்டு என்றால் எத்தனை மணி என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பதின்மூன்று பேர். எல்லாரும் யாழ்ப்பாணத்தார், தீவார், மன்னார் ஆட்கள். பதின்மூன்று பேரும் ஏழரை என்றார்கள். ஒருவர் என் புத்தி தடுமாறிவிட்டதோ என்று லீசாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். எனக்குப் பெரிய நிம்மதி. உனக்கு எழுதுவதற்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் மின்தூக்கியில் ஒரு தூத்துக்குடிப் பெண் ஏறினாள். கணவனின் வேலைக்காக வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளுடைய தமிழை நான் எப்போதும் மனதுக்குள் திருத்திக்கொண்டே கேட்பேன். சும்மா கேட்டு வைத்தேன். அவள் யோசித்துவிட்டு, ‘எட்டரையா ஆன்ட்டி? இல்ல, யாராச்சும் வேடிக்கையா சொன்னாங்களா? அரை எட்டுன்னு நம்ம தமிழ்ல சொல்ல மாட்டோமே’ என்றாள். எட்டாம் மாடி வந்ததும் அவள் இறங்கிப் போய்விட்டாள். என்னுடையது ஆறாம் மாடி. நான் இறங்க மறந்துபோனேன்.

அந்த அறிவித்தலை நான்தான் எழுதினேன். லீசா எழுதித் தருகிறேன் என்றபோது உன் தமிழ் வேண்டாம் என்று சொன்னேன். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் மூன்று தரம் பிழை பார்த்தேன். ‘இரங்கல் திருப்பலி’யா, ‘இரங்கற்றிருப்பலி’யா என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். நேரத்தை இலக்கத்தில் போடலாமே என்று அச்சகக்காரர் கேட்டார். மாட்டேன் என்றேன். அரை பத்து, அரை எட்டு என்பதை நோர்வேக்காரர் ஹால் தீ, ஹால் ஓத்தெ என்று சொல்ல முப்பது வருடமாகக் கேட்ட காது, அதைத் தமிழ் என்றே கைக்குச் சொல்லியிருக்கிறது. ஒஸ்லோவில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. எல்லாரும் என்னைப்போலவே கெட்டுப்போயிருந்தோம். பிரான்சில் இருந்து வந்த ஒருத்திக்குத்தான் அதை உள்ளபடி வாசிக்கத் தெரிந்திருக்கிறது.

அறிவித்தலைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். எட்டாவது வரியில் சிவப்பு மை இருக்கிறது. உன் பைபிளில் திரும்ப வை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அது எழுத்துப்பிழையில் சேராது.

பத்து மணிக்குப் பெட்டியை மூட வந்த நோர்வேக்காரர், இன்னும் யாராவது வர இருக்கிறார்களா, கொஞ்சம் பொறுக்கலாம் என்று என்னிடம் கேட்டார். நீ வரவில்லை என்று எனக்குத் தெரியும். கண்ணால் வாசலைத் தேடிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் ‘யாரும் வர இல்லை’ என்றேன். நேரம் என்றால் நேரம் என்று உனக்குப் படிப்பிக்க நினைத்தேன். பதினைந்து நிமிடம் பொறுத்திருந்தால் நீ பார்த்திருப்பாய். இதை நான் பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அவர் மன்னித்துவிட்டார். உன்னிடம் சொல்லாமல் அவர் மன்னித்து என்ன பயன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஆகவே, நான் பார்த்ததை எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும்.

சாம்பல் நிறக் கோட் போட்டிருந்தார், லீசாவின் கல்யாணத்துக்குத் தைத்தது. கழுத்துக்குப் பெரிதாகிவிட்டது. சவரம் செய்த பையனுக்கு உதட்டுக்குக் கீழே அவருடைய நாடியில் உள்ள குழி தெரியாது, அதற்குள் நாலைந்து வெள்ளை மயிர் அப்படியே நின்றது. அதை நான் எடுக்க விடவில்லை. மீசையின் இடது நுனி வலதைவிடக் கொஞ்சம் குறைவு. வலது புருவம் உயர்ந்திருந்தது, நாங்கள் அவரிடம் ஏதாவது சொல்லுக்குச் சரியான எழுத்து எது என்று கேட்டால் உயர்த்துவாரே, அதே அளவு. சிரித்தபடி கிடந்தார் என்று பலர் உனக்குச் சொல்லியிருப்பார்கள். சிரிக்கவில்லை. வாய் சரியாக மூடியிருந்தது. பேருந்து பிந்தினாலும் வரும் என்று நிற்கிறவருடைய முகம். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

செப்டெம்பரில் லீசாவுக்கு ஒரு கிழமை லீவு. லூர்துக்கு அல்ல, நேரே துலூஸுக்கு வருகிறோம். வீட்டுக்கு வருமுன் உன்னை அந்த வாசலில் பார்க்க வேண்டும். படிகளால்தான் ஏறுவேன், தடுக்காதே. மண்ணிறச் சீஸ் கொண்டுவருவேன். மடக்குக் கதிரையைக் கொண்டு வா, இருக்கிறேன்.

14.09.2024, சனிக்கிழமை, காலை 07.30.

இலக்கத்தில் எழுதியிருக்கிறேன். எதற்கும் 08.30 வரை நிற்பேன்.

அக்கா